அரைப் பெரியப்பா இலக்கணம்

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களுள் தலையாயதில், நெஞ்சு வரை பெரியப்பா இருக்கிறார். அதற்குக் கீழே சாம்பல் நிறம் இருக்கிறது. திருஷ்டி என்பது அத்தையின் கொள்கை. வைரஸ் என்பது சித்தப்பாவின் கொள்கை. "மாமா அன்னைக்கே கொஞ்சம் டல்லாத்தான் இருந்தார்" என்பது கேமராவைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் கொள்கை. இம்மூன்றையும் மறுத்து நான்காவதை நிறுவுதல் இந்நூலின் பயன்.

ஜேபெக் என்பது 1992-இல் வகுக்கப்பட்ட ஒரு சுருக்கெழுத்து. எஃப்எஃப் டி8 என்னும் இரு பைட்டுகளில் தொடங்கி, எஃப்எஃப் டி9 என்னும் இரு பைட்டுகளில் முடியும். முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காத பதிற்றுப்பத்தை உ.வே.சா. 1904-இல் பதிப்பித்தார், நடுவிலுள்ள எட்டுப் பத்தும் நமக்குப் பொருள்படுகின்றன. ஜேபெக்குக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. வால் போனால் பொறுத்துக்கொள்ளும். தலை போனால் ஒரு புள்ளிகூட விளங்காது; படத்தின் நீள அகலமும், சுருக்கியதை விரிப்பதற்கான அட்டவணைகளும் தலையில்தான் இருக்கின்றன.

(ஐபோன் எடுத்த ஹெய்க் படத்தின் வாலில் 'ஜேபிஜி' என்று தட்டச்சு செய்துவிட்டு, "திறக்கவில்லை" என்று வருவோர் இந்நூலுக்கு உரியர் அல்லர். எண்கணிதச் சோதிடர்கள் என்ன சொன்னாலும், பெயரை மாற்றினால் கோப்பின் ஜாதகம் மாறுவதில்லை.)

இனி சாம்பல். படம் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாக அறுக்கப்பட்டு, ஹஃப்மன் 1952-இல் கண்ட முறைப்படி, அடிக்கடி வருவதற்குக் குறுங்குறியும் அரிதாக வருவதற்கு நெடுங்குறியுமாக எழுதப்படுகிறது. குறிகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஓலைச்சுவடியிலும் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடமும் கிடையாது. ஓரிடத்தில் தப்பாகப் பிரித்தவர் அடி முழுவதையும் தப்பாகப் பிரிப்பார். ஆயினும் சுவடி படிப்பவர் எதுகையைக் கண்டு திரும்பி வந்துவிடலாம். கணினிக்கு எதுகை தெரியாது. 'மீள்தொடக்கக் குறி' என்றொன்றை வழிநெடுக நட்டு வைத்திருந்தால் அதைப் பிடித்து மீளும். இல்லையேல் போனது போனதுதான்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஒரு கட்டம் தன் சராசரி வெளிச்சம் எவ்வளவு என்று நேராகச் சொல்லாது. முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று மட்டுமே சொல்லும். நம் வீடுகளில் பிள்ளையின் மார்க்கைச் சொல்வது இப்படித்தான்: "எதிர்வீட்டு சுரேஷைவிட நாலு கம்மி." சுரேஷின் மார்க் தப்பாகக் காதில் விழுந்தால், அன்று முதல் தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளின் மார்க்கும் தப்பு. ஒரு பிட் பிறழ்ந்த படத்தில், ஒரு கோட்டுக்குப் பின் உறவினர் அனைவரும் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறுவது இதனாலேயே. பெரியப்பா ஊதாவாகவில்லை; சாம்பலானார். அதாவது தரவு பிறழவில்லை, தீர்ந்துவிட்டது. இல்லாத கட்டங்களுக்குப் படம் திறக்கும் மென்பொருள் சுழியை வைத்துக்கொள்ள, கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவான 128 வந்து நிற்கிறது. நடுநிலைமையின் நிறம் அது.

ஆயினும் ஃபோல்டரில் சிறுபடமாகப் பார்க்கையில் பெரியப்பா முழுசாகத் தெரிகிறாரே எனின், தலைப்பகுதியில் எக்ஸிஃப் என்றொரு பை உண்டு. அதனுள் வழக்கமாக 160-க்கு 120 புள்ளியில் ஒரு சின்னப் படம் தனியே வைக்கப்பட்டிருக்கும். தரகர் கொடுத்த போட்டோவுக்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. தரகரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வைத்தியத்தின் முதல் விதி, எதுவும் செய்யாதிருத்தல். எங்கள் வீட்டில் எல்லாம் செய்யப்பட்டிருந்தது. சித்தப்பா படத்தைத் திறந்து, "சேவ் பண்ணினா சரியாயிடும்" என்று மறுபடி சேமித்தார். அதனால் சாம்பல், பிழையாக இருந்த நிலையிலிருந்து படத்தின் பகுதியாகப் பதவி உயர்வு பெற்றது; கோப்பு இப்போது பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறது. நோய் எதுவெனில், லேப்டாப்புக்கு நகல் ஏறிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மகன் கார்டைப் பிடுங்கினான். பிடுங்கியதோடு நில்லாமல், கேமராவில் போட்டு ஃபார்மட்டும் செய்தான். கேட்டால், "இடம் பத்தலை."

நல்லவேளையாக ஃபார்மட் என்பது பெரும்பாலும் பந்தி வரிசையைக் கிழிப்பதே தவிர, விருந்தினரை வெளியேற்றுவதன்று. எந்தப் படம் எங்கே என்ற பட்டியல் அழியும். படங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், புதிதாக ஒருவர் வந்து அவர்கள் மடியில் உட்காரும் வரை. ஆகவே அதன்பின் ஒரு படமும் எடுக்கலாகாது. கார்டை முழுசாக ஒரு நகலெடுத்து, நகலில்தான் கைவைக்க வேண்டும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக், பட்டியலைக் கேட்காமல் எஃப்எஃப் டி8 எங்கே என்று வாசல் வாசலாகத் தட்டிப் பார்க்கும். இலவசம். ஆனால் யாரைக் கூப்பிட்டோம், யாரைக் கூப்பிடவில்லை என்ற விவேகம் அதற்கில்லை. மாப்பிள்ளை முன்பே அழித்திருந்த கோவா பயணமும் சேர்ந்து வந்தது. அது தனி நூல்.

தலை போன படத்துக்கு, அதே கேமராவில் அதே அளவிலும் தரத்திலும் எடுத்த வேறொரு படத்தின் தலையை வெட்டி ஒட்டுவர். இதற்கு முன்னோடி பிள்ளையார். அவர் விஷயத்தில் மாடல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவில்லை. மனிதர்கள் பார்ப்பது நல்லது.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மூலப்படமே முழுசாகக் கிடைத்தது. குடும்பம் கூடிப் பார்த்தோம். ஓமகுண்டம், பட்டுவேட்டி, பவித்திரம் அணிந்த வலக்கை எல்லாம் துலக்கமாக இருந்தன. மடிமேல் இருந்த இடக்கையில் ஒரு செல்போன் இருந்தது. பெரியம்மா இரு விரல் வைத்துப் பெரிதாக்கினார். கிரிக்கெட் ஸ்கோர் நன்றாகவே படிக்க முடிந்தது.

ஃப்ரேம் போடுவதற்குச் சாம்பல் படமே போதும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.