தலகோனாவுக்கு மூன்று கால்கள்

கேள்வி: தலகோனா அருவி, சந்திரகிரிக் கோட்டை, திருமலை என்று படமெடுக்கப் போகிறேன். கையடக்கமான ட்ரைபாட் எது? (சித்தூர் வாசகர்)

பதில்: திருமலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கோயிலுக்குள் கேமராவுக்கே அனுமதியில்லை. அதைத் தாங்கும் கால்களுக்கு எப்படிக் கிடைக்கும்? பெருமாளைக் கண்ணாரச் சேவித்தால் போதும். சந்திரகிரிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், ட்ரைபாட் விரிக்க முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தலகோனாதான் உங்கள் களம். சுமார் 270 அடியிலிருந்து விழும் நீர் பட்டுநூலாய்த் தெரிய ஷட்டர் அரை வினாடியாவது திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்கும் கை யாருக்கும் இல்லை. ஆனால் காட்டுப்பாதையில் ஏறி நடக்க வேண்டும், எடை முக்கியம்.

மேன்ஃப்ரோட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்டின் அலுமினிய வகை சுமார் ஒன்றரை கிலோ. மடக்கினால் 40 செ.மீ., விரித்தால் 150 செ.மீ. பீக் டிசைன் ட்ரைபாடும் ஏறத்தாழ அதே நீளம்தான். அதன் கார்பன் ஃபைபர் வகை சுமார் 1.3 கிலோ. அலுமினியத்தைவிட ஏறக்குறைய கால் கிலோ குறைவு, விலையோ பல ஆயிரம் அதிகம். அந்தப் பணத்துக்கு, ஒளியைக் குறைக்கும் நல்ல என்.டி. ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், பகல் வெளிச்சத்திலும் அருவி பட்டாகும்.

கால்கள் நான்கு அடுக்காக இருக்கட்டும். ஐந்து அடுக்கு இன்னும் குறுகி மடங்கும், ஆனால் கடைசிக் குழாய் மெலிந்து ஆடும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கொக்கி இருந்தால் கேமரா பையைத் தரையில் லேசாகப் படும்படி மாட்டுங்கள். லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள்.