சென்னை வெயிலும் உல்லன் போர்வையும்: உண்மைப் பயனாளியைத் தேடி ஓர் ஆய்வு

சென்னையில் பிறக்கப்போகும் குழந்தைக்கு உல்லன் போர்வை எதற்கு? நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதம் 45 டிகிரி வெயில் பதிவானது. அதே இடத்தில் இதுவரை பதிவான ஆகப் பெரிய குளிரே 13.9 டிகிரிதான். அப்படியிருந்தும் வளைகாப்புத் தேதி குறித்த கையோடு எங்காவது ஒரு பெரியம்மா குரோஷா ஊசியைத் தேடி எடுத்துவிடுகிறார். பெரியம்மாக்கள் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை என்பதை அடிப்படை எடுகோளாகக் கொண்டு இவ்வாய்வு நிகழ்த்தப்படுகிறது.

முதலில் பொருள் வரையறை. குழந்தைப் போர்வை எனப்படுவது ஏறக்குறைய 30-க்கு 36 அங்குல அளவில், 4 மில்லிமீட்டர் ஊசியால் போடப்படுவது. கடையில் உல்லன் என்று கேட்டு, உல்லன் என்றே கொடுக்கப்படும் நூலுக்கும் ஆட்டுக்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அது அக்ரிலிக். வியர்வையை உறிஞ்சாது, ஆனால் துவைத்தால் சுருங்காது. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. அசல் குரோஷாவுக்கு இன்றுவரை ஆலையில் ஓடும் இயந்திரம் கிடையாது. ஆகவே இது கையால் போட்டதா, கடையில் வாங்கியதா என்ற ஐயத்துக்கே இடமில்லை. (ஆனாலும் சம்பந்தி வீட்டில் கேட்பார்கள்.)

முன்னோர் பங்களிப்பில் இரண்டைச் சொல்லாமல் நகர முடியாது. டபுள் குரோஷேயில் ஒரு வட்டம் தட்டையாக விழ, சுற்றுக்குச் சுமார் 12 கண்ணி கூட்ட வேண்டும். குறைந்தால் கிண்ணமாகக் குழியும். கூடினால் ஓரம் எண்ணெயில் போட்ட அப்பளமாக நெளியும். இந்த நெளிவையே வேண்டுமென்று வரவழைத்து, அதிபரவளையத் தளம் என்ற, கணிதத்தில் கற்பனை செய்யவே சிரமமான ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி 1997-இல் போட்டுக் காட்டியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா. நமது தகவலாளியான பெரியம்மாவுக்கும் அதே நெளிவு வந்தது. அவர் அதன் கணித மதிப்பை உணராமல் முழுவதையும் பிரித்துவிட்டார். அடுத்தது சென்னையிலேயே நடந்தது. 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு இணைத்த போர்வை 11,148.5 சதுர மீட்டர், அப்போது கின்னஸ் சாதனை. ஒன்றரைக் கால்பந்து மைதானம். இந்த ஊரில் போர்வைக்கும் குளிருக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். போர்வையில் ஏன் இத்தனை நிறம்? இதில் மூன்று கொள்கைகள் உள.

ஒன்று, சட்டக் கொள்கை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்கேன் சென்டர் சுவரில் பலகையே உண்டு. ரோஸ் போடுவதா, நீலம் போடுவதா என்று தெரியாத நிலையில் இரண்டையும் போட்டு, நடுநிலைக்கு மஞ்சளும் பச்சையும் சேர்ப்பதே வழி. எனவே பலவண்ணப் போர்வை நாடாளுமன்றம் போட்டது என்பர் இக்கொள்கையினர்.

இரண்டு, சாயக் கொள்கை. ஒரே கம்பெனி, ஒரே ஷேடு நம்பர். ஆனால் லேபிளில் லாட் நம்பர் மாறினால் நிறம் இழையளவு மாறும். பாதியில் நூல் தீர்ந்து மறுபடி வாங்கப் போனால் பழைய லாட் இருக்காது. "அதே மஞ்சள்தாம்மா" என்பார் கடைக்காரர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதே மஞ்சள் இல்லை. ஒட்டாத மஞ்சளைவிட வெட்டும் ஊதா மேல்.

இவ்விரண்டும் அழகானவை. ஆயினும் உண்மை மூன்றாவதில்தான் இருக்கிறது: மிச்ச நூல் கொள்கை. அகழாய்வில் மண்ணடுக்கைப் படிப்பதுபோல் நம் போர்வையைக் கீழிருந்து படித்தோம். மெரூன் பட்டை, ஊட்டி போனபோது பெரியப்பாவுக்குப் போட்ட குரங்குக் குல்லாவின் எச்சம். கிளிப்பச்சை, பழைய டிவிக்குப் போட்ட உறை. டிவி தட்டையானதும் உறை பிரிக்கப்பட்டது. வெள்ளை, யாரோ கேட்டு, பிறகு வேண்டாம் என்றுவிட்ட மேஜைவிரிப்பு. அந்தப் பட்டையில் மட்டும் கண்ணிகள் இறுக்கமாக இருப்பதை ஆய்வாளர் கவனித்தார், காரணம் கேட்கவில்லை. கறுப்பு எங்குமே இல்லை. பச்சைப்பிள்ளைக்குக் கறுப்பு ஆகாதாம். கன்னத்தில் மைப்பொட்டு வைக்கும்போது இவ்விதி தளர்த்தப்படும்.

நிறம் குழந்தைக்காக என்ற வாதம் செல்லாது. பிறந்த பிள்ளைக்கு நிறங்களைச் சரியாகப் பிரித்தறியச் சில மாதங்கள் பிடிக்கும்.

களஆய்வில் எதிர்பாராமல் கிடைத்த தரவு ஒன்று. பிறப்பதற்கு முன் பிள்ளைக்கென்று எதையும் சேர்த்து வைக்கக்கூடாது; பிறந்ததும் முதலில் சுற்றுவதும் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணிதான். ஆனால் போர்வையைப் பிறந்த பிறகு ஆரம்பித்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். இந்த முரணைத் தகவலாளி தீர்த்த முறை பதிவுக்குரியது. எதிர்வீட்டுப் பெண்மணி கேட்டார்: "யாருக்குக்கா போடறீங்க?"

"ஸோபாவுக்கு."

"ஸோபாவுக்கு எதுக்கு வாத்து?"

"சும்மா, அழகுக்குத்தான்."

கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். எதிர்வீட்டார் மேற்கொண்டு கேட்காமல் வாத்தின் மூக்குக்கு ஆரஞ்சு நன்றாக இருக்கும் என்றார். போர்வையின் கடைசி வரிசையும் போடப்படவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகுதான் அது போடப்படும். அதுவரை சட்டப்படி அது போர்வையே அல்ல. இரவு மருமகளுக்கு இடுப்பு வலி என்று செய்தி வந்து, அப்புறம் அது பொய்வலி என்று தெரிந்த அன்று மட்டும் மூன்று பட்டைகள் ஏறியிருந்தன. ஆக, போர்வை பயன்படும் காலம் பிறப்புக்குப் பின்னால் இல்லை. பிறப்புக்கு முன்னால்தான் என்பது இவ்வாய்வின் துணிபு.

பிந்தைய வரலாறு இதற்கு அரண் செய்கிறது. ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையோடு தளர்ந்த போர்வை எதுவும் கிடக்கக்கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம். நம் வீட்டுப் பாட்டி அந்தச் சங்கத்தைக் கேள்விப்படாமலே, "ஓட்டைல விரல் மாட்டிக்கும்டி" என்று போர்வையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு வயதான பின் எடுத்துப் போர்த்தினால் கால் வெளியே. இடைப்பட்ட காலத்தில் பெயர் சூட்டிய அன்று அதன்மேல் குழந்தையைக் கிடத்தி ஒரு போட்டோ. குடும்ப வாட்ஸாப்பில் முப்பது கைகூப்பல். தற்போது ஏசி அறையில் அது பாட்டியின் முழங்கால் மேல் இருக்கிறது.

நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நூல்முனை தொங்கும். அத்தனையையும் பின்பக்கம் சொருக வேண்டும். இதுபற்றி எழுத ஒன்றுமில்லை. அது வெறும் கொடுமை.

மேலாய்வுக்குரியது: இரட்டைப் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்த வீட்டுக்கு ஒரே போர்வையோடு போகலாமா? சட்டம் பாலினத்தை மறைக்கிறதே தவிர எண்ணிக்கையை மறைப்பதில்லை. எதிர்வீட்டாரின் மகளுக்கு ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள், இரண்டு இதயத்துடிப்பு. பெரியம்மா பாரிமுனைக்குக் கிளம்பிவிட்டார், இந்த முறை ஸோபாவோடு இரண்டு நாற்காலிக்கும் சேர்த்து நூல் வேண்டுமென்று சொல்லிக்கொண்டு.