சாவி கொடுத்தவரும் செல் போட்டவரும்

மார்க்கெட்டிங் புத்தகங்கள் ஒரு சரக்கின் ஆயுளை நான்காகப் பிரிக்கும்: பிறப்பு, வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு. கடைசியில், காலாவதியானதைக் கௌரவமாகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வது பற்றி ஒரு அத்தியாயம் இருக்கும். பெங்களூரில் இருந்த அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவினர் அந்தப் பக்கம் வரை படித்ததாகத் தெரியவில்லை.

1961இல் ஜப்பானின் சிட்டிசனிடம் தொழில் கற்று ஆரம்பித்தார்கள். தட்டிக் கேட்க ஆளில்லை. வாட்ச் வேண்டுமென்றால் எச்.எம்.டி.; இல்லையென்றால் கடத்தல் சரக்கு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய பையனுக்கும், கல்யாணப் பந்தியில் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. ‘ஜனதா’ வாட்ச்தான் சமாதானம். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் நின்றுவிடும். ஆபீசுக்குத் தாமதமாகப் போக அரசாங்கமே தயாரித்து வழங்கிய காரணம் அது!

போட்டி சுவிட்சர்லாந்திலிருந்து வரும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அது பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, மாநில எல்லையான அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், ஓசூரில் முளைத்தது. 1984இல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஜெர்க்சஸ் தேசாய் தலைமையில், செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச்தான் எதிர்காலம் என்று பந்தயம் கட்டினார்கள். மெலிசான வாட்ச், பளபளக்கும் ஷோரூம், விளம்பரத்துக்கு மொசார்ட் இசை. ஷோரூமைத் திறந்த ஊர்? பெங்களூரேதான். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், குவார்ட்ஸ் எச்.எம்.டி.க்குப் புதிதல்ல. டைட்டன் பிறக்கும் முன்பே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆனால் சாவி வாட்ச்தான் சொந்தப் பிள்ளை, செல் வாட்ச் தத்துப்பிள்ளை. இதில் அவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 1969இல் செய்கோ குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகும் அசட்டையாக இருந்த சுவிஸ்காரர்கள் எத்தனையோ பேர் கடையைக் கட்டினார்கள்.

சரிவு என்ற நாலாம் பருவத்தை எச்.எம்.டி. வருஷக் கணக்கில் இழுத்தது. 2014இல் மூடப்போவதாகச் செய்தி வந்ததும், அதுவரை திரும்பிப் பார்க்காத ஜனங்கள் ஜனதாவைத் தேடி ஓடினார்கள். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட ஒப்புதல் கொடுத்தது. விற்காத சரக்கை விற்க மரண அறிவிப்பைவிட நல்ல விளம்பரம் இல்லை போலும்.

ஓசூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? 2024இல் ‘டூர்பியான்’ என்ற சுழலும் எந்திரம் வைத்து ஒரு வாட்ச் வெளியிட்டார்கள். மொத்தம் 10 வாட்ச், ஒன்று சுமார் 40 லட்சம் ரூபாய். செல் கிடையாது.