கதவைத் தட்டுவது யாராக இருக்க வேண்டும்?

கே: மனநெருக்கடியில் இருப்பவரைப் பார்க்க வெளிநாடுகளில் போலீஸோடு நர்ஸும் போகிறாராமே, புது வழக்கமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

ப: கனடாவின் வான்கூவர் நகரில் ‘கார் 87’ என்ற வண்டி 1978-லிருந்து ஓடுகிறது. உள்ளே ஒரு காவலர், ஒரு மனநலச் செவிலியர். இன்னும் பல நாடுகளுக்குத்தான் இது புதுசு.

கே: போலீஸுக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் தீர்ந்ததே? (ஓய்வுபெற்ற எழுத்தர், கும்பகோணம்)

ப: கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மெம்பிஸில், 1987-ல், கத்தியால் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த மகனைக் காப்பாற்றச் சொல்லி ஒரு தாய் போலீஸைக் கூப்பிட்டார். வந்தவர்கள் மகனைச் சுட்டுக் கொன்றார்கள். மறுவருடமே அந்த ஊர் காவலர்களுக்கு 40 மணி நேர மனநலப் பயிற்சி தொடங்கியது. நாடெங்கும் அது பரவியது. நல்ல காரியம்தான். ஆனால் செவிலியர் வருடக்கணக்கில் வார்டில் கற்றதை 40 மணி நேரத்தில் யாருக்கும் ஊட்டிவிட முடியாது.

கே: நர்ஸ் வந்து அப்படி என்ன செய்துவிடுவார்? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

ப: அவசரப்பட மாட்டார். அது பாதி வைத்தியம். காவலருக்குப் பழக்கம் வேறு. சத்தமாக உத்தரவு போடுவது, நெருங்குவது, கையைப் பிடிப்பது. திருடனிடம் அது பலிக்கலாம். காதுக்குள் ஏற்கெனவே நாலு குரல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, ‘கையைத் தூக்குடா’ என்ற அதட்டல் ஐந்தாவது குரல். பழகிய செவிலியர் வாசலை மறித்து நிற்க மாட்டார். பெயரைக் கேட்பார். ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர்களைப் பின்னால் போகச் சொல்வார். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, மாத்திரை எப்போது நின்றது என்று விசாரிப்பார்.

இன்னொன்றும் உண்டு. கத்துகிற எல்லாருக்கும் மனநோய் இல்லை. சர்க்கரை சடாரென்று இறங்கினாலும், தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும், முதியவருக்கு உடம்பில் கிருமித் தொற்று ஏறினாலும் புத்தி தடுமாறும். பைத்தியம் என்று ஸ்டேஷனில் உட்கார வைத்தால் ஆளே போய்விடலாம். அதைக் கண்டுபிடிக்க வைத்தியம் தெரிந்த கண் வேண்டும்.

கே: அப்படியானால் போலீஸே எதற்கு? (பள்ளி ஆசிரியை, சேலம்)

ப: பெரும்பாலான அழைப்புகளுக்குத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊர். 1989-லிருந்து அங்கே ‘கஹூட்ஸ்’ குழு வேனில் போனது. ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு நெருக்கடிப் பணியாளர், துப்பாக்கி கிடையாது. 2019-ல் வந்த அழைப்புகளில் அவர்கள் போலீஸ் துணை கேட்டது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. டென்வர் நகரம் 2020 ஜூனில் இதே வழியில் இறங்கியது. முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள். ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை.

கே: கையில் கத்தி இருந்தால்? (மளிகைக் கடைக்காரர், ஈரோடு)

ப: போலீஸ் வரட்டும். பேச்சை மட்டும் செவிலியரிடம் விடட்டும்.

கே: கஹூட்ஸ் இன்றும் ஓடுகிறதா? (வங்கி ஊழியர், கோவை)

ப: யூஜீனில் 2025 ஏப்ரலில் நின்றுவிட்டது. பணத் தட்டுப்பாடு. முப்பத்தைந்து வருடம் உலகத்துக்கே முன்மாதிரியாக இருந்த சேவை! வருடாவருடம் கையேந்தும் நிதியில் இதை நடத்தக் கூடாது. தீயணைப்பு வண்டிக்கு ஒதுக்குவதுபோல நிரந்தரமாக ஒதுக்க வேண்டும்.

கே: இங்கிலாந்தில் போலீஸ் மனநல அழைப்புகளிலிருந்து விலகுகிறதாமே? (மருத்துவ மாணவர், சென்னை)

ப: ஹம்பர்சைட் காவல்துறை 2020-ல் தொடங்கியது, லண்டன் 2023-ல் பின்தொடர்ந்தது. விலகட்டும். அந்த இடத்துக்கு யார் வருவார் என்று ஏற்பாடு செய்த பிறகு விலகட்டும்.

கே: நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? (வழக்கறிஞர், திருநெல்வேலி)

ப: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் மனநோயோடு திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. அருமையான பிரிவு. ஆனால் ஜீப்பில் ஒரு செவிலியரும் ஏற வேண்டும் என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டும்.

கே: என் அண்ணனுக்கு மனச்சிதைவு. மாத்திரையை நிறுத்திவிட்டால் ராத்திரி வெறியாகிவிடுகிறார். யாரைக் கூப்பிடுவது? (குடும்பத் தலைவி, விழுப்புரம்)

ப: 14416. டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். யார் உயிருக்காவது ஆபத்து என்றால் 108 அல்லது 112. போனை எடுத்ததும் ‘இவர் நோயாளி, குற்றவாளி இல்லை’ என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு நோயின் பெயர், மாத்திரை நின்ற நாள், கையில் ஆயுதம் உண்டா இல்லையா, எதைக் கண்டால் அவர் பயப்படுவார், யார் பேசினால் அடங்குவார். இவ்வளவையும் இன்றே ஒரு தாளில் எழுதி, மருத்துவர் சீட்டோடு சேர்த்து வையுங்கள் அம்மா. அந்த நேரத்தில் நினைவு வராது. அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அவரையும் உட்கார வைத்து எழுதினால் இன்னும் நல்லது. எது தனக்குப் பயம் என்று உங்கள் அண்ணனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.