தமிழ்க் கணவர்கள் மனைவியின் கண் நிறத்தை அறியாமை குறித்து: பியர்ஃபித்திலிருந்து ஒரு முதனிலை ஆய்வு

இந்த ஆய்வுக்கான பிரச்சினை ஒரு நகரசபையின் கருமபீடத்தில் எழுந்தது. மனைவியின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை இவ்வாய்வாளரே நிரப்பியிருந்தார். பிறந்த இடம், உயரம், முகவரி எல்லாம் சரி. ‘கண்ணின் நிறம்’ என்ற இடத்தில் ‘நுவார்’, அதாவது கறுப்பு, என்று எழுதியிருந்தார். கருமபீடத்துப் பெண் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மனைவியின் முகத்தை இரண்டு விநாடி பார்த்தார். “கறுப்பு இல்லை மிஸியூ, மரோன்” என்றார். திருத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் மனைவி, “அவ என்ன சொன்னவ?” என்று கேட்டார். சொல்லப்பட்டது. ட்ராம் வரும்வரை பேச்சில்லை. ஏறி இருந்த பிறகு, “இருபத்திரண்டு வருசமா இந்த முகத்தைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறியள்?” என்று வந்தது. அது கேள்விதானா என்பது தனி ஆய்வுக்குரியது.

களம் பற்றிச் சில வார்த்தைகள். பியர்ஃபித்-சூர்-செய்ன் பாரிசுக்கு வடக்கே, 93ஆம் மாவட்டத்தில் இருக்கிறது. பெயரின் முற்பாதி ‘நட்ட கல்’ என்ற லத்தீனிலிருந்து வந்தது. நடுகல் நாட்டிய பரம்பரை கடல் தாண்டி வந்து நட்ட கல்லிலேயே குடியேறியிருக்கிறது. பிற்பாதி ‘செய்ன் ஆற்றின் மேல்’ என்கிறது. ஆறு இந்த ஊரைத் தொடுவதே இல்லை. கரை உள்ளது பக்கத்துச் சென்-தெனிக்கு. 2025 ஜனவரி 1 அன்று ஊரைச் சென்-தெனியோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, பியர்ஃபித் செய்ன் கரைக்கு வந்து சேர்ந்தது தன் பெயரைப் பறிகொடுத்த பிறகுதான். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்தத் தூரத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்; கண்ணுக்கு வரும்போது தேவைப்படும். மேலும் பிரெஞ்சுத் தேசிய ஆவணக் காப்பகம் 2013 முதல் இங்கேதான். அதன் தட்டுகளை நீட்டி வைத்தால் 320 கிலோமீற்றர். கொழும்பில் தொடங்கினால் கிளிநொச்சிக்குக் கிட்டப் போய்விடும். அப்படியொரு கட்டடத்தின் அயலில் குடியிருந்துகொண்டு ஆராய்ச்சி எதுவும் செய்யாமலிருப்பது கூச்சமான விஷயம்.

முறையியலில் இரண்டு தடைகள் வந்தன. 1978ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் ஆட்களின் இனம், மதம் பற்றிய விபரங்களைத் திரட்டுவதைப் பொதுவில் தடுக்கிறது. பாரிசில் தமிழ்க் கடைகள் கூடிய லாச்சப்பலின் மூலையில் நின்று தமிழர் இத்தனை, அதில் பூனைக்கண் இத்தனை என்று கொப்பியில் கோடு கீறினால் வில்லங்கம். இரண்டாவது, குப்பியில் எச்சில் துப்பி அனுப்பி மூதாதையரை விசாரிக்கும் வீட்டுச் சோதனை பிரான்சில் தடைசெய்யப்பட்டது; செய்பவருக்கு 3,750 யூரோ வரை தண்டம். இவ்வாய்வின் நிதி என்பது மாதப் போக்குவரத்து அட்டையும் ஒரு வடையும், தாங்காது. உலக மரபணுக்களைத் தொகுத்த ‘ஆயிரம் மரபணுத்தொகுதி’த் திட்டத்தில் இலங்கைத் தமிழர் ஒரு தனிக் குழுவாக இருக்கிறார்கள்தான். ஆனால் அந்த நூற்றுச் சொச்சம் பேரின் இரத்தமும் பிரித்தானியாவில் எடுக்கப்பட்டது. லண்டன் சொந்தக்காரர் இதிலும் முந்திவிட்டார்கள். ஆகவே இங்கே கண்ணால் கண்டது மட்டுமே தரவு.

முதலில் சொல்லாராய்ச்சி. மரோன் என்பது ஒரு கொட்டை. குளிர் தொடங்கியதும் மெத்ரோ வாசல்களில், சுப்பர்மார்க்கெற் தள்ளுவண்டியில் தகரத்தை ஏற்றி, நம்முடைய துணைக்கண்டத்துப் பெடியள் சுட்டு விற்பார்களே, அது. அதன் தோலின் நிறந்தான் மனைவியின் கண். தமிழில் இதற்குக் ‘கபிலம்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மாட்டுக்கும் நிறப் பென்சிலுக்கும் அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. ‘உன் கபிலக் கண்கள்’ என்று கடிதம் எழுதியவன் எவனும் பதில் பெற்றிருக்கமாட்டான். புலவர்களிடம் போனால் இன்னும் குழப்பம். குவளை என்றார்கள், நெய்தல் என்றார்கள். இரண்டும் நீலப் பூ. மாவடு என்றார்கள், அது பச்சை. கயல் என்றார்கள், அது மீன். நிறத்தை நம்பி இவற்றைப் படித்தால் தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் ஸ்வீடன்காரிகள் வாழ்ந்ததாக முடிவுக்கு வரவேண்டும். புலவர்கள் பார்த்தது வடிவத்தையும் ஈரத்தையும் துள்ளலையும். நிறத்தை மை பார்த்துக்கொண்டது.

கண்ணின் நிறத்தை உண்மையாகப் பார்த்த முதல் ஆட்கள் காதலர்களோ புலவர்களோ அல்லர், பாரிஸ் பொலிஸ்காரர்கள். 1880களில் அல்போன்ஸ் பெர்த்தியோன் என்ற எழுதுவினைஞர், பிடிபட்டவன் பழைய குற்றவாளியா என்று அறிய அவனது தலை, கை, கால்களை அளந்து அட்டையில் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். கண்களை ஏழு வகுப்பாகப் பிரித்தார். நிறமணியே இல்லாத கண் முதலாம் வகுப்பு. கலப்பில்லாத மரோன் ஏழாம் வகுப்பு. கறுப்பு என்று ஒரு வகுப்பு கிடையாது. லாச்சப்பல் மெத்ரோவிலிருந்து றூ கய் வரை உள்ள அத்தனை புடவைக்கடை, நகைக்கடை, கொத்துறொட்டிக் கடைகளும் பெர்த்தியோன் கணக்கில் கிட்டத்தட்ட ஏழாம் வகுப்புத்தான். ஒரு பொலிஸ்காரர் கள்ளனை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்த அளவுக்கு ஒரு தமிழ்க் கணவர் மனைவியைப் பார்த்ததில்லை என்ற வருந்தத்தக்க உண்மையும் இங்கே பதிவாகிறது.

விஞ்ஞானம் சொல்வது இன்னும் விசித்திரம். கண்மணியைச் சுற்றிய வளையத்தில் உள்ள நிறமணி மெலனின். அது நிறைய இருந்தால் மரோன், மிகக் குறைந்தால் நீலம். நீலக் கண்ணுக்குள் நீலச் சாயம் ஒரு துளியும் கிடையாது. வானத்தை நீலமாகக் காட்டுவது போன்ற ஒளிச்சிதறல்தான். செய்ன் இல்லாத பியர்ஃபித்-சூர்-செய்ன், நீலமில்லாத நீலக்கண், கறுப்பில்லாத கறுப்புக்கண். மூன்றும் ஒரே ரகம்.

இந்தக் கூட்டல் கழித்தலுக்குப் பெரும்பங்கு பொறுப்பு 15ஆம் நிறமூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் ஓ.சி.ஏ.2, ஹெர்க்2 என்ற இரு பரம்பரையலகுகள். (நிறமூர்த்தம் என்ற அழகான பெயருக்கும் கண்ணின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சாயம் ஊற்றியபோது நன்றாகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.) கோப்பன்ஹேகனில் ஹான்ஸ் ஐபெர்க்கின் குழு 2008இல், உலகத்து நீலக்கண்கள் 6,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரே மாற்றத்தின் வழிவந்தவை என்று கணித்தது. நாங்கள் சாதாரண தரத்தில் படித்த ‘மரோன் ஆட்சி, நீலம் பின்னிடைவு’ என்ற சூத்திரம் 1907இல் எழுதப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 1,95,000 பேரைச் சோதித்தபோது கண் நிறத்தோடு தொடர்புள்ள இடங்கள் 61 என்று வந்தது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி போட்ட ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

இனி மூலக் கேள்வி: தமிழ்க் கணவர் ஏன் பார்ப்பதில்லை? இதற்கு இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டோம். ஒன்று பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. மற்றது கலியாணப் புறோக்கர் கொண்டுவரும் குறிப்பு. கடவுச்சீட்டில் உயரமும் கண் நிறமும் உண்டு. தோலின் நிறம், சமயம், சாதி கிடையாது. புறோக்கரின் தாளில் சமயம், சாதி, நட்சத்திரம், செவ்வாய், தோலின் நிறம் எல்லாம் உண்டு. கண் நிறம் கிடையாது. அதாவது பிரெஞ்சு அரசு கேட்கக் கூசுவதையெல்லாம் புறோக்கர் கேட்கிறார்; அரசு கேட்பதைப் புறோக்கர் கேட்பதில்லை. இரண்டிலும் பொதுவாக உள்ளது உயரம் ஒன்று. இரண்டிலும் அது சற்றுக் கூட்டிச் சொல்லப்படுகிறது.

கண்ணும் முடியும் எல்லோருக்கும் ஒன்றுபோல அமைந்த சனம் அந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தோலில் போய்ச் சண்டை பிடித்தது. ‘நல்ல வெள்ளை’, ‘பொதுநிறம்’, ‘கறுப்பெண்டு சொல்லேலாது’ என்று மூன்று படி. பெர்த்தியோனுக்கு ஏழு தேவைப்பட்டது. மூன்றாவது படியில் உள்ள பெண்களின் கலியாணங்கள் எத்தனை வருடம் தள்ளிப்போயின என்பதை இந்த ஆய்வு சிரிப்புக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கவர்ச்சி பற்றிய வெளிநாட்டு ஆய்வுகளும் பரிசீலிக்கப்பட்டன. நோர்வேயில் ப்ரூனோ லெங் குழு 2007இல் வெளியிட்டதன்படி, நீலக்கண் ஆண்களுக்கு நீலக்கண் பெண்களிடம் ஈர்ப்பு அதிகம். பிள்ளை மரோன் கண்ணோடு பிறந்தால் கணக்குக் கேட்கலாம் என்பது அதற்கு அவர்கள் கூறிய ஊகம். ஏழாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் கலியாணம் செய்யும் இடத்தில் இந்தக் கணக்குக்கு வழியில்லை. 2003இல் அன்ரனி லிட்டிலும் கூட்டாளிகளும், மனிதர் தம் எதிர்ப்பால் பெற்றோரின் கண் நிறமுள்ள துணையை நாடும் போக்குடையவர்கள் என்றார்கள். லாச்சப்பலில் இது அப்பழுக்கின்றி நிரூபணமாகிறது. எல்லோரும் தாயின் கண் நிறமுள்ளவளையே கட்டியிருக்கிறார்கள். வேறு நிறம் இருக்கவில்லை. மச்சாளைக் கட்டியவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு நடந்திருக்கிறார்கள்.

விதிவிலக்கு பூனைக்கண். குடும்பத்துக்கொன்று இருக்கும். இவ்வாய்வாளரின் அப்பம்மாவின் தங்கைக்கு இருந்தது. வெயிலில் தேன்போல் தெரியும். ஊரில் அதற்கு ஒரே விளக்கம்: பறங்கி. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள்; ஆகவே எங்கேயோ ஓர் இடத்தில் ஒரு கதை. அந்தக் கதை எப்போதும் ஒரு பெண்ணைப் பற்றியதாகவே இருக்கும். பழைய சூத்திரத்தின்படியே பார்த்தாலும் பின்னிடைவான இயல்பு வெளியே வர இரண்டு பக்கமும் அதை வைத்திருக்கவேண்டும். தகப்பன் வழியில் எந்தக் கிழவனையும் யாரும் விசாரித்ததில்லை. வெளிர்கண்ணுக்குக் கப்பல் வந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. இந்தத் துணைக்கண்டத்தில் அது ஐரோப்பியர் வருமுன்னரே தலைமுறை தலைமுறையாக ஒளிந்தும் தெரிந்தும் ஓடிவந்த சரக்கு. பூனைக்கண்ணியை நம்பாதே என்று சொன்ன அதே ஆட்கள் 1994இல் ஐஸ்வர்யா ராய் உலக அழகியானபோது படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். மனைவியின் கண் நிறம் தெரியாத கணவர்களிடம் ஐஸ்வர்யா ராயின் கண் நிறத்தைக் கேட்டுப் பார்த்தோம். ஒருவரும் யோசிக்கவில்லை.

தலைமயிருக்கு வருவோம். தமிழரின் முதல் கூந்தல் ஆய்வு மதுரையில் நடந்தது. கட்டுரை சமர்ப்பித்தவர் தருமி, பரீட்சகர் நக்கீரர், மேன்முறையீடு செய்தவர் சிவபெருமான். 1965இல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தபின் விபரம் எல்லோருக்கும் மனப்பாடம். பாண்டியனின் கேள்வி, கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்பது. நிறம் இயற்கையா என்ற சந்தேகம் அவனுக்கு எழவே இல்லை. அந்தச் சந்தேகத்துக்கு வழிவிட்டது பாரிஸ். 1907இல் ஓஜென் ஷூலர் என்ற வேதியியலாளர் இங்கே தலைச்சாயம் ஒன்றைக் காய்ச்சிச் சலூன்களுக்கு விற்றார். 1909இல் கம்பனியானது, அதுதான் லொரெயால்.

ஊரில் எண்ணெய் காணாத தலை செம்பட்டை. புரதம் போதாத பிள்ளைக்கும் மயிர் அப்படித்தான் சிவக்கும். இவ்வாய்வாளரின் மகள் போன கோடையில் இரண்டரை மணித்தியாலம் சலூனில் இருந்து, காசும் கொடுத்து, செம்பட்டையாகி வந்தாள். பெயர் ‘ஷத்தேன்’ என்றாள். வட்ஸ்அப்பில் பார்த்த அம்மம்மா, “பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?” என்று கேட்டார். விஞ்ஞான ரீதியில் அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

லாச்சப்பலிலிருந்து ஃபோபூர் சென்-தெனி வீதியால் தெற்கே இருபது நிமிடம் நடந்தால் ஷத்தோ-தோ, ஆபிரிக்கச் சலூன்களின் ஊர். கண்ணாடிக்குள் ‘இந்தியக் கூந்தல்’ தொங்குகிறது. திருப்பதியில் மொட்டையடித்த மயிர் ஏலத்தில் போய்க் கடல் தாண்டி வரும் வியாபாரம் அது. அதில் சிலது நிறம் கழுவப்பட்டுப் பொன்னிறமாக நிற்கிறது. பெருமாளுக்குக் கறுப்பாகக் கொடுத்தது.

இறுதிப் பரிசோதனை வீட்டில். சிக்காகோவில் எக்கார்ட் ஹெஸ் 1960களில், விருப்பமானதைக் காணும்போது கண்மணி விரியும் என்று காட்டினார். வெளிர்க்கண்ணில் அது பளிச்சென்று தெரியும். ஏழாம் வகுப்பில் மணியும் வளையமும் ஒன்றோடொன்று கலந்து தெரிவதால் எதிரே உள்ளவருக்கு ஒன்றும் பிடிபடாது. வள்ளுவர் குறிப்பறிதல் என்று ஒன்றல்ல, இரண்டு அதிகாரம் எழுதவேண்டி வந்ததற்கு இதுவே காரணம் என்று இவ்வாய்வாளர் முன்மொழிகிறார். ஒரு ஞாயிறு காலை மனைவியைச் சமையலறை யன்னலடியில் நிறுத்தி, பெர்த்தியோன் முறைப்படி கிட்ட நின்று பார்த்தார். நடுவே கடும் மரோன். ஓரத்தில் தேத்தண்ணி நிறம். இடது கண்ணில், கீழே, ஒரு சின்னக் கரும்புள்ளி. அது இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. கண்மணி விரிந்ததா என்று தெரியவில்லை. “பால் பொங்குது, விடுங்கோ” என்றார்.

மாதிரி அளவு ஒன்று என்பது போதாது. ஆகஸ்ட் கடைசியில் பிள்ளையார் தேரன்று, றூ பஜோல் பக்கம், தேங்காய் உடைக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி இவ்வாய்வாளர் கொப்பியோடு நிற்பார். மனைவியின் கண் நிறத்தைத் திரும்பிப் பாராமல் சொல்லக்கூடிய வாசகர்கள் வந்து பெயர் கொடுக்கலாம். மனைவியையும் கூட்டிவரவும், விடை சரிபார்க்கவேண்டும்.