பிறர் முகத்தில் பிழைத்தவர்

போன இதழில் இங்கிலாந்து ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்தால், இந்த வாரம் அவரை விட்டு நகர முடியாது போலிருக்கிறது!

யார் இந்த கெயின்ஸ்பரோ? நாலு வரியில் சொல்லவும். (நாகர்கோவில்)

1727-ல் சஃபோக் மாவட்டத்து சட்பரியில் பிறந்தவர். துணி நெய்து விற்ற குடும்பம். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. சிறுவயதிலேயே லண்டன் போய்த் தொழில் கற்று, ராஜ குடும்பம்வரை வரைந்து, 1788-ல் மறைந்தார். கைக்கு வந்த வேலையெல்லாம் முகம். மனசு கிடந்ததெல்லாம் மரத்தடியில். நாலு வரி ஆச்சு!

அப்படியானால் மரத்தையே வரைந்திருக்கலாமே? (திருச்சி)

மரம் தன் படத்துக்குக் காசு கொடுக்காதே! 1759-ல் அவர் பாத் நகரத்துக்குக் குடிபோனதே இதனால்தான். வெந்நீர் ஊற்றில் குளிக்க வரும் சீமான்களுக்குக் குளித்த நேரம் போக வேறு வேலை கிடையாது. 'உட்காருங்கள்' என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு 1774-ல் லண்டன். அங்கே முழு உருவப் படத்துக்கு 100 கினி. கடைசிக் காலத்தில் 160. அவர் வீட்டு நடையில் நிலக்காட்சிப் படங்கள் வரிசையாகச் சாத்தியிருக்கும். படம் வரைந்துகொள்ள வருகிறவர்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போவார்களாம். வாடகை கொடுத்தது முகம். வாசலில் நின்றது மனசு.

ஆண்ட்ரூஸ் தம்பதி படத்தில் பாதிக்குமேல் வயல்தானே இருக்கிறது? (தஞ்சாவூர்)

தஞ்சாவூர்க்காரர் கண்ணுக்கு வயல் தப்புமா? 1750 வாக்கில் வரைந்தது. புதுமணத் தம்பதியை ஓக் மரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு, மிச்ச இடத்தில் கதிர்க்கட்டு, ஆடு, மேகம் என்று இஷ்டத்துக்கு விளையாடியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு நிலத்தைக் காட்டிக்கொண்ட பெருமை; ஓவியருக்கு நிலத்தை வரைந்த திருப்தி. மணப்பெண் மடியில் மட்டும் கொஞ்சம் இடம் வரையாமல் கிடக்கிறது. குழந்தை வந்தால் வரையவா, வேட்டையாடிய பறவையை வைக்கவா என்று இன்னமும் விவாதம் நடக்கிறது.

காட்டுக்கே போகாமல் காடு வரைவாராமே? (மதுரை)

சின்ன வயசில் ஊர்க்காடு முழுக்கச் சுற்றியவர்தான். பிற்பாடு காட்டை மேசைக்கு வரவழைத்துவிட்டார். கல்லை வைத்தால் பாறை, கண்ணாடித் துண்டை வைத்தால் குளம், காய்ந்த செடியை நட்டால் தோப்பு. ப்ராக்கோலியைக்கூட மரமாக்கினார் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் 'பார்க்' கட்டுவார்களே, அதே வித்தை!

அவர் பிடித்த ஆறடித் தூரிகை எதற்கு? ஒட்டடை அடிக்கவா? (சேலம்)

உட்கார்ந்திருப்பவரும் திரைச்சீலையும் தன் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. மெழுகுவத்தி வெளிச்சத்திலும் வரைவார். அவர் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி கோடுகள்; தள்ளி நின்றால் பட்டு சரசரக்கும். சில மனிதர்களும் அப்படித்தானே?

போட்டி ஓவியர் ரெனால்ட்ஸை மட்டந்தட்டவே 'நீலப் பையன்' படத்தை வரைந்தாராமே? (கோவை)

நல்ல கதை, வருடம்தான் உதைக்கிறது. படம் வந்தது 1770-ல். நீலம் போன்ற குளிர்ந்த நிறங்களைப் படத்தில் பெரும்பகுதிக்குப் பூசக்கூடாது என்று ரெனால்ட்ஸ் பேசியது 1778-ல். பதில் முந்தி, கேள்வி எட்டு வருடம் பிந்தி. நம் கேள்வி-பதில் பகுதியில்கூட அப்படி நடந்ததில்லை!

ஆனால் போட்டி நிஜம். 1784-ல், தான் வரைந்த இளவரசிகள் மூவரின் படத்தைக் கேட்ட உயரத்தில் மாட்டவில்லை என்று ராயல் அகாடமியிலிருந்து எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அங்கே அப்புறம் காட்சிக்கே வைக்கவில்லை. அதன் தலைவர் ரெனால்ட்ஸ்தான். ஆனாலும் சாகக் கிடந்தபோது ஆளனுப்பியது அந்த ரெனால்ட்ஸுக்குத்தான். அவரும் போனார். அதே வருடம் அகாடமி மேடையில் கெயின்ஸ்பரோவைப் பற்றியே உரை நிகழ்த்தினார்.

அவர் படம் ஏதாவது திருடுபோயிருக்கிறதா? (வேலூர்)

டெவன்ஷயர் சீமாட்டி படம். 1876-ல் ஏலத்தில் 10,100 கினிக்குப் போய் லண்டனே வாய்பிளந்தது. சில நாளில் ஆடம் வொர்த் என்ற பலே திருடன் சட்டத்திலிருந்து வெட்டிச் சுருட்டிவிட்டான். 25 வருடம் விற்காமல் வைத்திருந்து 1901-ல்தான் திருப்பிக் கொடுத்தான். வரைந்தவருக்குச் சலித்த தொழில், திருடினவனுக்குச் சலிக்கவில்லை!

முகம் வரைவது அவ்வளவா சலித்துப்போனது? (புதுச்சேரி)

நண்பர் வில்லியம் ஜாக்சனுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்: தன் வயலா ட கம்பா வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஏதாவது கிராமத்துக்குப் போய் நிலக்காட்சி வரைய ஆசை என்று. போகவில்லை. மனைவி, இரண்டு பெண்கள், லண்டன் செலவு. நமக்குத் தெரியாத கதையா?

ஆனால் ஒன்று. அந்த இரண்டு பெண்களையும் சிறுமிகளாக, பட்டாம்பூச்சி துரத்துகிறவர்களாக, 1756 வாக்கில் வரைந்திருக்கிறார். இளையவள் கை நீட்டுகிறாள். பூச்சி உட்கார்ந்திருப்பதோ முட்செடியில். படம் முடிக்கப்படவே இல்லை. எப்போது முடியும் என்று கேட்க அதற்கு மட்டும் வாடிக்கையாளர் இல்லை.