தட்டில் ஏறாத சீர்

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் என்னைப் பொருளாளராகப் போட்டதிலிருந்து எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. ரசீதுப் புத்தகத்தோடு நான் உட்கார்ந்ததும் மற்றவர்களுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஞாபகம் வந்துவிடும்.

புதுக்கோட்டைச் சீமைக்காரர்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்தில் கிடாக்கறிச் சோறு போட்டு லட்சக்கணக்கில் மொய் வாங்குவார்கள். எண்ணுவதற்கு மெஷினே வரும். பள்ளிக்கூடத்துக்கு நூறு ரூபாய் கேட்டால் மட்டும் அதே கைக்குச் சட்டைப்பை எங்கே என்று தெரியாது. மொய் நோட்டில் எழுதினால் பணம் திரும்பி வரும். ரசீதுப் புத்தகத்தில் எழுதினால் அடுத்த வருஷம் நான்தான் திரும்பி வருவேன்.

கொடுப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும். இந்தச் சூட்சுமம் தெரிந்தவர் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு. காமராஜர் ஆட்சியில், 1958 முதல், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, மேசை நாற்காலியிலிருந்து கட்டடம் வரை ஊராரிடமே வாங்கிவிட்டார். ஊரார் மேளதாளத்தோடு பள்ளிக்குச் சீர்வரிசை கொண்டுவரும் இன்றைய கல்விச் சீரிலும் அதே சூட்சுமம்தான்.

நாங்களும் நடத்தினோம். முன்னால் தவில், நாயனம். பின்னால் பெண்கள் கையில் தாம்பாளம். பெஞ்சை விட்டு முதலில் எழுந்து ஓடுகிற மாமா, டிராக்டரில் பீரோ கொண்டுவந்தார். கதவில் தன் பெயர், அப்பா பெயர், குலதெய்வத்தின் பெயர். மிஞ்சிய மூலையில் ‘பள்ளிக்கு’. சுவர்க்கடிகாரம் வகுப்புக்கு இரண்டு சேர்ந்தது. இரண்டும் ஒரே நேரம் காட்டுவதில்லை. சாயங்காலமானால் பிள்ளைகள் முந்தி ஓடுகிற கடிகாரத்தைத்தான் நம்புகிறார்கள்.

“கக்கூஸ் கழுவுற அம்மாவுக்குச் சம்பளம் பாக்கி இருக்கே, அதை எந்தத் தட்டில் வைப்பாங்க?” என்றார் தலைமையாசிரியை. பினாயில் பாட்டிலைத் தாம்பாளத்தில் ஏந்தி ஊர்வலம் வர எந்த அத்தைக்கும் மனசில்லை.

2022-ல் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தை மாமாவிடம் சொன்னேன். செல்போனிலேயே அனுப்பலாம், வரிவிலக்கும் உண்டு என்றேன்.

“நான் வரியே கட்டுறதில்ல மாப்ளே, எதை விலக்குவாங்க?”

ஆகவே அடுத்த ஆடியில் பள்ளிக்கூடமே மொய் விருந்து வைப்பதென்று முடிவு. கிடாவுக்குப் பதில் சாம்பார் சாதம். மேளம், மைக், நோட்டு எல்லாம் உண்டு. வசூல் முழுக்கச் சம்பளத்துக்கும் பினாயிலுக்கும்.

“பள்ளிக்கூடம் எப்படி மாப்ளே மொய்யைத் திருப்பிச் செய்யும்?”

“உங்க பேரன் படிச்சு வந்து செய்வான் மாமா.”

“ஏழாம் வாய்ப்பாட்டையே திருப்பிச் சொல்ல மாட்டேங்கிறான்!”

ஆனாலும் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். தொகையைப் பற்றிப் பேச்சில்லை. மைக்கில் வாசிக்கும்போது இனிஷியலையும் சேர்த்து வாசிக்க வேண்டுமாம்.